பன்னிரண்டு கண்ணுக்கு வெளிச்சம்

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

கண் டொக்டர் இருந்தார். அவரோடு வந்த தாதி மேரி மிஸ்ஸி இருந்தார். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட மனேச்சர் இருந்தார். வெளி விறாந்தையில் இரண்டு வாங்கு. அவற்றில் பன்னிரண்டு பேர், ஒரு கண்ணில் மருந்து விட்டபடி. முதலாவது, ஓய்வு பெற்ற தபால்காரர். இரண்டாவது, அவருடைய தமக்கை. மூன்றாவதும் நான்காவதும் புகையிலைத் தோட்டக்காரர்கள், ஒரே ஒழுங்கைக்காரர். ஐந்தாவது, சட்டை தைக்கிற ஒரு மனிசி. ஆறாவது, குருநகரில் வலை பொத்துகிற ஒருவர். ஏழாவது, கோயிலில் மேளம் அடித்தவர். எட்டாவது, ஒரு ரீச்சர். ஒன்பதாவது, பேக்கரியில் பாண் சுடுகிற போறணை பார்த்தவர். பத்தாவதும் பதினோராவதும் புருசனும் பெண்சாதியும். பன்னிரண்டாவது, குணம் அண்ணை. நான் வேலை செய்தது அவரிடம்தான்.

உள்ளே ஒப்பரேசன் மேசைக்குக் கீழே இரண்டு லொறிப் பற்றறி. பற்றறிக்குப் பக்கத்தில் நான்.

வேறு ஒருவரும் இல்லை.

நான் இப்போது வேலை செய்வதில்லை. கை நடுங்குகிறது, விட்டுவிட்டேன். தொழில் செய்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டிலேயே ஒரு மேசை போட்டு எலக்ரோனிக் வேலை தொடங்கப் போகிறார்களாம். மலிவாக எந்த லோட் வாங்கலாம் என்று கேட்டார்கள். போனில் படம் காட்டினார்கள். காற்றாடி வைத்த சின்னத் தகடு, இலக்கம் ஓடுகிற கண்ணாடி, ஒரு திருகு. சீனாச் சாமான். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் பூப் போட்டுக் கும்பிட்டிருப்போம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லோட் என்பது பொய் வேலை. ஒரு பற்றறியை உண்மையான வேலைக்கு அனுப்பும் முன் பொய்யாக ஒரு சுமையைக் கொடுத்து இழுக்க வைத்துப் பார்ப்பது. எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு நேரம் இழுக்கிறது, எப்போது விழுகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். நூற்றைம்பது வாட் என்று பெட்டியில் எழுதியிருந்தால் எழுபது என்று நினையுங்கள். காற்றாடியைக் கழற்றி மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். முதலில் சாவது அதுதான். கறண்ட் போகிற வயர் வேறு, வோல்ற்று பார்க்கிற வயர் வேறாக இருக்க வேண்டும். பார்க்கிற வயரைப் பற்றறியின் காதிலேயே, அதாவது வயர் பூட்டுகிற முனையிலேயே, கவ்வ வையுங்கள். இல்லாவிட்டால் வயர் தின்கிறதையும் பற்றறியின் தலையில் கட்டிவிடுவீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நீங்கள் வைத்த அம்பியரை அது கடைசி வரை பிடித்திருக்க வேண்டும். அதைச் செய்யாத லோட் சும்மா தந்தாலும் வேண்டாம்.

ஒரு பிள்ளை கேட்டது, பழைய கார் பல்ப் இரண்டு போதாதா என்று. கேள்வி நியாயம். எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கொழும்பில் ஒரு றேடியோக் கடையில் ஈயம் பற்றவைத்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்தக் கடை இல்லாமல் போனது. கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். அடுத்த வருடம் நெல்லியடியில் குணம் அண்ணையின் கடைக்குப் போய் வேலை கேட்டேன்.

“ஈயம் பத்த வைப்பியோ?” என்றார்.

“ஓம்.”

“பொய் சொல்லுவியோ?”

“தேவையெண்டால் சொல்லுவன்.”

“மீற்றர் வாசிக்கேக்கை மட்டும் சொல்லாதை.”

வேலைக்கு எடுத்தது அப்படித்தான். எனக்கு அப்போது முப்பது வயது. அவருக்கு நாற்பத்தெட்டு.

குணம் அண்ணை உயரம் குறைந்தவர். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார். வலக் கண்ணில் இளம் வயதில் பற்றறி அசிட் தெறித்து அது பார்வை இல்லாமல் போயிருந்தது. ஒரு கண்ணால்தான் அத்தனை வேலையும்.

அவரிடம் ஒரு பழக்கம். பற்றறி நல்லது என்றோ கூடாது என்றோ சொல்ல மாட்டார். ஆட்கள் பற்றறியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். வந்ததும் ஸ்குரூட்ரைவரை இரண்டு காதுக்கும் குறுக்கே தட்டிப் பொறி பறக்க விடுவார்கள். பொறி பெரிதாய்ப் பறந்தால் நல்ல பற்றறி என்று ஊருக்குள் ஒரு எண்ணம். குணம் அண்ணை அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“அண்ணை, இது நல்லதோ?”

“எதுக்கு?”

“எதுக்கெண்டால்? பற்றறி நல்லதோ எண்டு கேட்டன்.”

“எதுக்கு நல்லதெண்டு கேட்டன்.”

“றேடியோ கேக்க.”

“எத்தினை மணித்தியாலம்?”

“உங்களட்டைக் கேக்க வந்தால் நீங்கள் என்னையெல்லோ கேக்கிறியள்.”

“பேந்து என்னெண்டு சொல்லுறது? எத்தினை அம்பியர், எத்தினை மணித்தியாலம். இந்த ரெண்டையும் சொல்லு, நான் மற்றதைச் சொல்லுறன்.”

சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு திரும்பி வருவார்கள்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி மின்சாரம் நின்றது. நான் இங்கே சொல்கிற காலம் முழுக்க அது வரவில்லை. கடை இருந்த வீதியில் இருக்க முடியாமல் போனது. சாமான்களை என் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தோம். ஒரு மேசை, இரண்டு மீற்றர், கரியில் சூடாக்குகிற ஈயக்கோல். அதுதான் எங்கள் லாப்.

சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்கிற காலம் அது. புதுப் பற்றறி உள்ளே வராது. அரசாங்கம் வர விடுவதில்லை. டீசல் இல்லாமல் நின்ற லொறிகளின் பற்றறிகள் வீடு வீடாய்ப் போயின. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதை விட்ட பற்றறி ஆறு மாதத்தில் செத்துவிடும். மாரியில் வேட்டி கட்டி மழைத் தண்ணீர் பிடித்துப் போத்தலில் வைத்திருப்போம். அது பற்றறிக்கு மட்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

அந்த நாளில்தான் குணம் அண்ணையின் மற்றக் கண்ணும் மங்கத் தொடங்கியது. அவர் சொல்லவில்லை. முன்பு மீற்றரை அவரே பார்ப்பார். பிறகு “வாசி” என்று என்னிடம் சொல்லத் தொடங்கினார். நான் வாசிப்பேன். ஒருநாள் சிவப்பு வயரையும் மண்ணிற வயரையும் கையில் வைத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனார். அங்கேயும் அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து என் கையில் தந்தார். நான் சிவப்பை எடுத்துக் கொடுத்தேன்.

தொண்ணூற்று மூன்றில் அந்த மனேச்சர் வந்தார். கண் டொக்டர் ஒருவர் வருகிறாராம். ஒரே ஒரு நாள். கண்புரை எடுப்பார். அடுத்த நாள் காலை போய்விடுவார். டொக்டர் எழுதி அனுப்பிய துண்டு அவரிடம் இருந்தது. நான் வாசித்தேன்.

மைக்கிரோஸ்கோப்பின் விளக்கு ஆறு வோல்ற்று, ஐந்து அம்பியர். விளக்கை அவரே கொண்டுவருவார். ஒரு கண்ணுக்கு முப்பது நிமிடம். கண்ணைத் திறந்த பிறகு வெளிச்சம் மங்கினாலோ துடித்தாலோ அந்தக் கண் போய்விடும். ஆகவே எத்தனை கண்ணுக்கு வெளிச்சம் தர முடியும் என்று முன்னதாகவே எண்ணிக்கை சொல்ல வேண்டும். சொன்னால்தான் வருவார்.

“ஜெனரேற்றர் கிடக்குத்தானே?” என்றேன்.

“மண்ணெண்ணெயிலை ஓடுது. காசநோய்க்காரன் மாதிரி இருமும்,” என்றார் மனேச்சர். “அது இருமினால் லைற்றும் இருமும்.”

“அப்ப அது பற்றறி சார்ச் பண்ண மட்டும்,” என்றார் குணம் அண்ணை. “வேலைக்குப் பற்றறி.”

மனேச்சர் எழும்பும்போது குணம் அண்ணை கேட்டார். “என்னையும் போடலாமோ?”

“எதிலை?”

“லிஸ்ற்றிலை.”

மனேச்சர் அவருடைய முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். “உங்கடை கண்ணோ அண்ணை? நீங்கள் பற்றறியைப் பாக்கிறதெல்லோ?”

“கடைசியிலை போடுங்கோ. வெளிச்சம் குடுக்கிறவன் முன்னுக்கு நிக்கக் கூடாது.”

அவர் தன் கண்ணைப் பற்றி என் முன்னால் கதைத்தது அன்றுதான். மற்றக் கண் இல்லை. இதுவும் போனால் தொழில் இல்லை.

பன்னிரண்டு வோல்ற்றை ஆறாக்கி, கூடாமல் குறையாமல் பிடித்துக் கொடுக்கும் ஒரு பெட்டியை இருவரும் செய்தோம். அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் பற்றவைத்தேன். பற்றறி இளைத்தாலும் விளக்கு இளைக்காது. அது நல்ல பெட்டி.

மனேச்சர் ஒன்பது பற்றறி சேர்த்துத் தந்தார். ஏழு உதவாது. இரண்டுதான் தேறியது. இனி அந்த இரண்டையும் சேர்த்து இழுக்க வைத்து நேரம் பார்க்க வேண்டும். உண்மையான விளக்கு டொக்டரோடுதான் வரும். அதற்குப் பதிலாக ஒரு லோட் வேண்டும். அந்த நேரம் பார்த்துக் குணம் அண்ணைக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்துவிட்டார். நான் தனி.

மலிவு என்று பார்த்தால் மூன்று வழி இருந்தது. முதலாவது, லொறியின் முன் லைற் பல்ப். என்னிடம் இரண்டு இருந்தது. ஒன்று எரியும்போதே கறுத்து வந்தது. நடுவில் போனால் அத்தனை மணித்தியாலமும் வீண். விட்டுவிட்டேன். இரண்டாவது, உப்புத் தண்ணீர் வாளி. இரண்டு தகட்டைத் தாழ்த்தினால் கறண்ட் கூடும், தூக்கினால் குறையும். செலவே இல்லை. ஆனால் தண்ணீர் சூடாகச் சூடாகக் கறண்ட் தானாக ஏறும், நாற்றமும் வரும். அதையும் விட்டேன். மூன்றாவது, பழைய மின்சார அடுப்பின் கம்பிச் சுருள். மின்சாரம் இல்லாத ஊரில் அடுப்புச் சுருளுக்கு விலை இல்லை. நீளம் பார்த்து வெட்டி, பல துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஐந்து அம்பியருக்குச் சரி பண்ணினேன். சத்தம் இல்லை, நாற்றம் இல்லை. மெல்லிய சூடு. எனக்குப் பிடித்தது.

காலையில் தொடங்கினேன். பத்தரை வோல்ற்று வந்தால் நிறுத்த வேண்டும், அதற்குக் கீழே பற்றறி கிணற்றுக்குள் விழுகிற மாதிரி விழும். ஆறு மணித்தியாலம் இருபது நிமிடம் நின்றது. பன்னிரண்டு கண்ணுக்கு ஆறு மணித்தியாலம். இருபது நிமிடம் மிச்சம். நானே சைக்கிளில் போய் மனேச்சரிடம் பன்னிரண்டு என்றேன். அவர் டொக்டருக்கு எழுதினார். யாரை எடுக்கலாம் என்று மேரி மிஸ்ஸி எழுதி அனுப்பிய விதிப்படி மனேச்சர் பன்னிரண்டு பேரைப் பிடித்து லிஸ்ற் போட்டார். பன்னிரண்டாவது பெயர் குணம் அண்ணை.

நாலாம் நாள் அவர் எழும்பி வந்தார். சால்வை போர்த்திருந்தார். கதிரையில் இருந்து சுருளைக் கையால் தடவிப் பார்த்தார்.

“எத்தினையிலை தொடங்கினனீ?”

“அஞ்சு அம்பியர்.”

“முடியேக்கை எத்தினை?”

நான் குறித்து வைத்த துண்டை எடுத்துப் பார்த்தேன்.

“பாத்தியோ?”

“பாக்கேல்லை. வோல்ற்றைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“பன்ரெண்டு வோல்ற்றிலை அஞ்சு இழுக்கிற சுருள், பத்தரையிலை எத்தினை இழுக்கும்?”

“குறையும்.”

“எங்கடை பெட்டி?”

“குறையாது. அஞ்சுதான்.”

“பெட்டிக்கும் வயிறு கிடக்கு. அது தின்னுறது?”

“அதையும் விட்டிட்டன்.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. சுருளை மேசையில் வைத்தார். “உது பற்றறியோடை சேந்து இளைக்குது. களைச்சவனுக்குச் சுமையைக் குறைச்சுக் குடுத்துப்போட்டு, ஆள் பெலசாலி எண்டு சொன்ன மாதிரி,” என்றார். பிறகு, “பன்ரெண்டெண்டு சொல்லிப்போட்டியோ?” என்றார்.

“ஓம்.”

“சரி. இனிப் பிடிச்சு வைச்சிருக்கிற லோட் ஒண்டு செய்வம்.”

கோயில் திருவிழாவுக்குப் பிடிக்கிற ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று வேலை இல்லாமல் கிடந்தது. சொந்தக்காரர் அதிலிருந்த நாலு பெரிய ரான்சிஸ்டரையும் தந்தார். ஒரு கேத்தல் மண்ணெண்ணெய் கேட்டார், கொடுத்தோம். அந்த நாலும் சேர்ந்து கறண்டை இழுக்கும். ஒரு சின்ன ஐசி, தடித்த கம்பித் துண்டில் ஓடுகிற கறண்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். இப்போது நீங்கள் வாங்குகிற லோட்டுக்குள் இருப்பதும் இதுதான். வேறு ஒன்றும் இல்லை.

சூடுதான் பிரச்சினை. அறுபது வாட் வெக்கை. காற்றாடிக்கு வழியில்லை. பழைய பஸ்ஸின் படித் தகட்டில் ரான்சிஸ்டரைப் பூட்டி, தகட்டின் கீழ்ப் பாதியைத் தண்ணீரில் நிறுத்துவோம் என்றார் அண்ணை. அகலச் சட்டி ஒன்றுதான் வீட்டில் இருந்தது. இட்டலிச் சட்டி. என் மனிசி வாசலில் நின்று பார்த்தா.

“கறண்டை அவிச்சுச் சாப்பிடப் போறியளோ?”

“ரெண்டு நாளிலை தாறன்,” என்றேன்.

“வேண்டாம். ஈயம் பட்ட சட்டியிலை நான் அவிக்கேல்லை. உங்களுக்கும் அண்ணைக்கும் அதிலையே அவிச்சுத் தாறன்.”

குணம் அண்ணை சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

திரும்பவும் சார்ச் பண்ண மண்ணெண்ணெய் வேண்டும். மனேச்சர் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து அளவு பார்த்துத் தந்தார். “உங்கடை பற்றறிக்குப் பால் குடுத்தே என்ரை எண்ணெய் முடியுது. இனி ஒருக்கால்தான். அது டொக்டர் வாற நாளுக்கு.” அதுவும் சரிதான். எண்ணெய் இருந்தாலும் கிழட்டுப் பற்றறியை அடிக்கடி அடிமட்டத்துக்கு இறக்கக் கூடாது. ஒவ்வொரு தரமும் ஆயுளில் கொஞ்சம் போகும்.

இரண்டாவது சோதனை அவர் முன்னால் நடந்தது. பெட்டி தின்கிறதையும் சேர்த்து ஐந்தேகால் அம்பியர் வைத்தோம். மீற்றர் வயரைப் பற்றறியின் காதில் கவ்வ வைத்தேன். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை “வாசி” என்பார். வோல்ற்றும் அம்பியரும் வாசிப்பேன். வோல்ற்று இறங்கும். அம்பியர் அசையாது. ஒரு கையைச் சட்டித் தண்ணீருக்குள் வைத்திருந்தார். சூடு ஏறினால், “மாத்து” என்பார். நான் கிணற்றுத் தண்ணீர் அள்ளி வந்து மாற்றுவேன். மத்தியானம் அதே கதிரையில் இருந்து சாப்பிட்டார்.

ஐந்து மணித்தியாலம் ஐம்பது நிமிடம். பத்தரை.

“பதினொண்டு,” என்றேன். பதினொரு கண்ணுக்கு ஐந்தரை மணித்தியாலம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் குறைகிறது.

“ஓம். பதினொண்டு.”

“அண்ணை, நீங்கள்தான் பன்ரெண்டாவது.”

“எனக்கு எண்ணத் தெரியும்.”

நான் மனேச்சரிடம் போனேன். பன்னிரண்டு பிழை, பதினொன்று என்றேன். அவர் லிஸ்ற்றை எடுத்துக் கடைசிப் பெயரைப் பார்த்தார்.

“நல்ல வேளை. வேறை ஆரும் எண்டால் என்னைப் பிடிச்சுத் தின்னுவினம்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கழிச்ச ஏழிலை ஒண்டை மூண்டாவதாப் பக்கத்திலை கட்டினால் என்ன?”

“அது செத்தது. நல்ல ரெண்டையும் அது குடிச்சுப்போடும்.”

“பேரை வெட்டட்டோ?”

அண்ணையிடம் வந்து கேட்டேன். “பேர் கிடக்கட்டும்,” என்றார். “டொக்டர் கை வேகம் எண்டால் நேரம் மிஞ்சும். மிஞ்சினால் நான். இல்லாட்டி இல்லை.”

அந்த நாள் வந்தது. காலை ஏழு மணிக்குத் தபால்காரர் உள்ளே போனார். டொக்டர் மெலிந்த மனிதர். கையுறை போட முன்பு என்னிடம் வந்தார்.

“நீர்தானே லைற்?”

“ஓம் ஐயா.”

“நான் தலையைத் தூக்க மாட்டன். உம்மை நம்பித்தான் குனியுறன். ஏதும் பிழையெண்டால் ஒரு கண் முடிஞ்ச பிறகு சொல்லும். நடுவிலை சொல்லாதையும். நடுவிலை சொல்லி எனக்குப் பிரயோசனம் இல்லை.”

“விளங்குது.”

“ஒரு கண்ணுக்கு முப்பது. மேலை பத்து என்ரை பயத்துக்கு. நாப்பது இல்லாமல் ஒரு கண்ணையும் தொட மாட்டன்.”

விளக்கு எரியத் தொடங்கும்போது நேரம் குறித்தேன். அணையும்போது குறித்தேன். ஒவ்வொருவரையும் மேசைக்குக் கொண்டுவந்து, துடைத்து, துணி போர்த்த இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். அந்த நேரம் விளக்கு அணைந்திருக்கும். தபால்காரருக்கு இருபத்தெட்டு நிமிடம். தமக்கைக்கு இருபத்தாறு. ஒரு தோட்டக்காரருக்கு முப்பத்தைந்து. அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மேளக்காரர் கல்லு மாதிரிக் கிடந்தார். இருபத்தைந்து. வெளிச்சம் அசையவில்லை. பெட்டியில் கை வைத்தபடி இருந்தேன்.

வெளியே வாங்கிலிருந்து குணம் அண்ணை நகர்ந்து நகர்ந்து கதவடிக்கு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவராய் உள்ளே போக ஒவ்வொரு இடம். கடைசியில் கணவனும் மனைவியும். மனைவியை முதலில் எடுக்கச் சொல்லிக் கணவன் அடம் பிடித்தார். எடுத்தார்கள்.

பதினோராவது கண் முடிந்தது. மேரி மிஸ்ஸி கட்டுப் போட்டா. டொக்டர் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “எத்தினை மிச்சம்?”

குறித்ததைக் கூட்டினேன். விளக்கு எரிந்தது முந்நூற்றுப் பதினெட்டு நிமிடம். சோதனையில் பற்றறி நின்றது முந்நூற்றைம்பது.

“முப்பத்திரண்டு,” என்றேன்.

மனேச்சர் கதவுக்குள்ளே தலையை நீட்டினார். “மீற்றர் நல்லாத்தானே காட்டுது. பதினொண்டே முக்கால் நிக்குது பாருங்கோ.”

சுமை இல்லாமல் காட்டுகிற வோல்ற்று அது. சுமை ஏற்றினால் இறங்கிவிடும்.

டொக்டர் என்னைப் பார்த்தார். “வெளியிலை இருக்கிறது உம்மடை ஆள் எண்டு மிஸ்ஸி சொன்னா. மற்றக் கண் இல்லையாமே?”

“இல்லை ஐயா.”

“நாப்பது கேட்டனான். எண்டாலும் முப்பத்திரண்டு காணும் எண்டு நீர் சொன்னால் நான் வேகமாச் செய்யப் பாப்பன். நீர் சொல்லும். தொடங்கலாமோ?”

இப்போது எழுதும்போதுகூட அந்த இடம் எனக்கு நீளமாகத்தான் இருக்கிறது. உண்மையில் நீளம் இல்லை. ஒரு மூச்சு இருக்கும்.

“ஏலாது,” என்றேன்.

டொக்டர் தலையை ஆட்டினார். கையுறையைக் கழற்றினார். மேரி மிஸ்ஸி வெளியே போகத் திரும்பினா. அதற்குள் குணம் அண்ணை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருந்து விட்ட கண் கலங்கிச் சிவந்திருந்தது.

“எத்தினையாம்?” என்றார்.

“முப்பத்திரண்டு, அண்ணை.”

“அப்ப சரி,” என்றார். “மிஸ்ஸி, இந்த மருந்து எப்ப தெளியும்?”

“ராவைக்குள்ளை தெளிஞ்சிடும் ஐயா.”

“தெளிஞ்சாலும் பெரிசா ஒண்டும் தெரியப் போறேல்லை,” என்றார். மிஸ்ஸி சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றா.

டொக்டர் அடுத்த நாள் போனார். அந்தப் பக்கம் பிறகு வரவில்லை. வேறு டொக்டரும் வரவில்லை. குணம் அண்ணை இன்னும் இரண்டு வருடம் என் முன்னறையில் இருந்தார். கையால் தடவி வேலை சொன்னார், நான் செய்தேன். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் ஊரை விட்டு எழும்பிப் போனபோது அவர் மகளோடு சாவகச்சேரிப் பக்கம் போனார். அங்கே அடுத்த வருடம் செத்தார். அவருடைய கண் கடைசிவரை செய்யப்படவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் போன பிறகு நான் பற்றறியைக் கழற்றப் போனேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. குணம் அண்ணை போகவில்லை. சுவரைப் பிடித்து உள்ளே வந்து, ஒப்பரேசன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்தார்.

“மிச்சத்தை அளந்துபோட்டுக் கழட்டு,” என்றார்.

“இப்ப என்னத்துக்கு அண்ணை?”

“எங்கடை கணக்குச் சரியோ எண்டு தெரிய வேணும். லோட் கொண்டந்தனீதானே?”

கொண்டுவந்திருந்தேன். சட்டியில் தண்ணீர் விட்டுத் தகட்டை நிறுத்தினேன். ஐந்தேகால் அம்பியர் வைத்தேன். நேரம் பார்த்தேன்.

பத்து நிமிடம் போனது. “வாசி,” என்றார்.

“பதினொண்டு தசம் நாலு. அஞ்சேகால்.”

இருபது. “வாசி.”

“பதினொண்டு தசம் ரெண்டு.”

வெளியே மனேச்சர் வாங்குகளை இழுத்து அடுக்குகிற சத்தம் கேட்டது. முப்பதில், “நிக்குதோ?” என்றார்.

“நிக்குது.”

முப்பத்திரண்டு வந்தது. பத்தரை வர வேண்டிய இடம். வரவில்லை. நான் மீற்றரைத் தட்டிப் பார்த்தேன். கவ்வியைச் சரி பார்த்தேன். எல்லாம் சரி.

“முப்பத்திரண்டு தாண்டுது அண்ணை.”

அவர் சட்டிக்குள் கையை வைத்தார். “நாங்கள் விடாமல் இழுத்துப் பாத்தனாங்கள்,” என்றார். “இண்டைக்கு ஒவ்வொரு ஆளுக்கும் நடுவிலை லைற் நிண்டது. பற்றறி இளைப்பாறியிருக்கு. அதை நாங்கள் எண்ணேல்லை.”

அது எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஓடுகிறவன் நின்று நின்று ஓடினால் கூடத் தூரம் போவான். பற்றறியும் அப்படித்தான். எங்கள் லோட் பிழை விடவில்லை. நாங்கள் அதை வைத்த விதம்தான் பிழை. நிறுத்தி நிறுத்தி இழுத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

“நிப்பாட்டட்டோ அண்ணை?”

“ஏன்? முடியட்டும். முடியாமல் எழுதேலாது.”

நான் மீற்றரைப் பார்த்தபடி இருந்தேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். மனேச்சர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

மீற்றர் முள் விழத் தொடங்கியது. பத்து தசம் எட்டு. பத்து தசம் ஆறு. பத்தரை. லோட்டை அணைத்தேன். நேரம் பார்த்தேன்.

“விழுந்திட்டுது.”

“எத்தினை?” என்றார்.

மீற்றர் வாசிப்பதுபோலவே வாசித்தேன்.

“நாப்பத்து மூண்டு நிமிசம்.”